வாழ் என்று சொல்லாமலே

ஆவணி 4, வியாழன்

இன்று காலை மூவரின் குருதி எடுத்தோம். என்னுடையது, இலியாசுடையது, டெல்பினுடையது. நலமுள்ளோர் குருதி வேண்டி நாங்கள் ஊரெல்லாம் அலைவதில்லை. ஆய்வகத்தில் ஒருவருக்கொருவர் கை நீட்டிக்கொள்வதே வழக்கம். ஒப்புதலில் கையெழுத்திட வேண்டும், குழாயில் பெயருக்கு மாற்றாக நிறமூடி இட வேண்டும் என்பன விதி. எடுத்தவர் கொடுத்தவருக்குக் கீழவாசலில் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும் என்பது விதியினும் வலிய மரபு. எனக்குப் பச்சை மூடி, இலியாசுக்கு மஞ்சள், டெல்பினுக்குச் சிவப்பு.

புதிய குப்பியும் வந்து சேர்ந்தது. இன்டர்லூக்கின் இரண்டு. மாந்த மரபணுவை நுண்ணுயிரிக்குள் புகுத்தி, அதன் வயிற்றில் விளைவித்து, வடித்தெடுத்து, உலர்த்தி அனுப்பிய புரதம். குப்பியின் அடியில் ஒரு வெண்படலம். உற்றுப் பார்த்தாலன்றி வெறுங்குப்பி என்றே தோன்றும். ஆயினும் அதன் ஆணை பெரிது. நோயை எதிர்க்கும் வெள்ளணு ஒருமுறை விழித்தெழுந்துவிட்டால், 'வாழ்' என்று அதற்கு எவரேனும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உடலுக்குள் அச்சொல்லைச் சொல்வது இப்புரதம். சொல் நின்றால் அணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். பகை ஒழிந்த பின்னும் படை வாளோடு தெருவில் திரியலாகாது என்று இயற்கை இட்ட கட்டளை அது.

இம்முறை கலப்பற்ற தூய வகையை வரவழைத்தேன். முன்பு வாங்கியவற்றில் வேறு புரதம் கலந்திருக்கும். எனக்கு அது என்றும் உறுத்தலே.

டெல்பின் கையை நீட்டிக்கொண்டே, "ஏட்டி, மெதுவா குத்து. மேடையில மைக்கப் புடிக்க மாரி புடிக்கா பாரு" என்றாள். தமிழ் மேடைகளில் நான் முழங்குவதைச் சொல்கிறாள்.

"ஊசி குத்துற நேரமாச்சும் அக்கா பேசாம இருக்காங்களேன்னு சந்தோசப்படுங்க" என்றான் எங்களுக்கு இளையவனான ஆய்வு மாணவன் இலியாஸ்.

டெல்பின் கடலோர மணப்பாட்டுக்காரி. ஐந்தாண்டாக என் பக்கத்து மேசை. புரட்டாசி ஆறாம் நாள் செருமனிக்குப் பறக்கிறாள், ஈராண்டு ஆய்வுநல்கை. நாடு முழுமைக்கும் ஓர் இடந்தான். அவள் தேர்வானாள், காத்திருப்போர் வரிசையில் முதலாவதாக நான் நின்றேன். வருத்தத்தால் இதை எழுதவில்லை. செய்தி வந்த அன்று ஆய்வகம் முழுமைக்கும் இனிப்பு வாங்கியவள் நான். அவள்கூட வாங்கவில்லை.

ஆவணி 8, திங்கள்

மூவரின் வெள்ளணுக்களையும் பிரித்து, அப்புரதம் ஊட்டிக் கிண்ணங்களில் வளர்த்து வருகிறேன். நுண்ணோக்கியில் என் அணுக்கள் சுருங்கிக் கருத்துக் கிடக்கின்றன. இலியாசின் அணுக்களும் அவ்வாறே. புரதம் ஊட்டாமல் ஒப்பீட்டுக்கென ஒதுக்கிய கிண்ணம் ஒன்று உண்டு. என் அணுக்களுக்கு மட்டும் அதை வைத்திருந்தேன். அதுவும் சாகிறது, ஊட்டிய கிண்ணமும் சாகிறது. இரண்டுக்கும் வேறுபாடு காணவில்லை.

டெல்பினின் கிண்ணத்தில் மட்டும் அணுக்கள் கொத்துக்கொத்தாய், திராட்சைக் குலைபோல் ஒளிர்கின்றன.

ஆவணி 9, செவ்வாய்

பச்சை செத்தது. மஞ்சள் சாகிறது. சிவப்புப் பெருகுகிறது. விடுதியில் தண்ணீர் வரவில்லை.

ஆவணி 11, வியாழன்

பேராசிரியர் நல்லபெருமாள் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். "மத்த ரெண்டு பேர் ரத்தத்தையும் விடும்மா. டெல்பினோட செல்ஸ் பிரமாதமா இருக்கு. கடைசி அத்தியாயத்தை இதை வச்சே முடிச்சிரலாம்" என்றார். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அது. மூச்சு வந்தது.

டெல்பினுக்குச் செருக்குத் தாங்கவில்லை. "கடக்கர ரத்தம்லா! சீலாவும் நெத்திலியும் தின்னு வளந்தது. ஒங்களுக்கு என்ன இருக்கு?"

"எங்களுக்கு என்னக்கா இருக்கு, புரோட்டாவும் சால்னாவும்தான். அந்த ரத்தத்துல எந்தச் செல்லு உசுரோட இருக்கும்?" என்றான் இலியாஸ்.

சிரித்தோம். சிரிப்பின் நடுவே டெல்பினுக்கு இருமல் வந்தது. இரு கிழமையாய் இருமுகிறாள். குளிரூட்டியின் கீழ் அமர்வதால் வருவது என்கிறாள்; கழுத்தைச் சுற்றித் துப்பட்டா கட்டியிருக்கிறாள்.

ஆவணி 14, ஞாயிறு

துணி துவைத்தேன். கொடியில் இடமில்லை; போர்வையைச் சுவரில் காயவிட்டேன்.

பிற்பகல் டெல்பினோடு விளக்குத்தூண் பக்கம் சென்று செருமனிக் குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்கினோம். எப்போதும் அணியும் அளவை எடுத்தாள், தோளிலிருந்து வழிந்தது. அடுத்த அளவும் பெரிதாயிற்று. "ரெண்டு மாசமா மெஸ் சாப்பாடு எறங்கல. அங்க போயி ரொட்டியும் வெண்ணெயும் தின்னு ஊதிருவேன் பாரு" என்றாள். மாடிப்படியில் இருமுறை நின்று மூச்சு வாங்கினாள். இந்த வெயிலுக்கு எவருக்கும் மூச்சு வாங்கும்.

தமிழ் மன்றத்தார் அழைத்திருக்கின்றனர். இருபத்தேழாம் நாள் நான் முழங்க வேண்டும். தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டனர். 'அறிந்தவர் வாய் திறவாமை அறிவுக்குச் செய்யும் கொலை' என்று கொடுத்துள்ளேன்.

அம்மா பேசினாள். எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் தடங்கல் வந்துச்சுன்னா ஒனக்குத்தானம்மா?" என்றாள். கடிந்துகொண்டேன். பேச்சை முடிக்காமலே வைத்துவிட்டேன்.

ஆவணி 16, செவ்வாய்



இலியாசும் அதே குப்பியிலிருந்து எடுத்துத் தன் ஆய்வுக்குப் பயன்படுத்தினான். அவனுடையவையும் செத்தன. குப்பி கெட்டது என்று முறையிட, விற்ற நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். பேசிய பெண் தமிழ்ப்பெண். பொறுமையாகக் கேட்டாள்.

"மேடம், நீங்க வாங்குனது கேரியர் இல்லாத டைப். கரைக்கும்போது அல்புமின் சேத்தீங்களா?"

"இல்லை. என்றும்போல் வெறும் உப்புநீரில் கரைத்தேன்."

"ரொம்ப டைல்யூட் பண்ணி, சின்னச் சின்ன ட்யூபா பிரிச்சு ஃப்ரீசர்ல வச்சீங்களா?"

"ஆம்."

"அப்ப எல்லாம் ட்யூப் சுவர்லயே ஒட்டிருக்கும் மேடம். தண்ணியில ஒண்ணுமே இருந்திருக்காது."

இவ்வளவு எளிய பிழை! புரதம் தனித்து மெலிந்து நின்றால் நெகிழிச் சுவரைப் பற்றிக்கொள்ளும். அல்புமின் போன்ற மலிவான வேறொரு புரதத்தைக் கூட்டமாய்க் கலந்தால், அக்கூட்டம் சுவரை மறைத்துக்கொள்ளும். இது நீரில் உலவும். நான் தூய்மை என்ற சொல்லில் மயங்கினேன். இலியாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்: "தமிழ்லயும் கலப்பு வேணாம், புரதத்துலயும் கலப்பு வேணாம்னா எப்படிக்கா பொழைக்கிறது?"

நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றேன். இலியாசும் அதே நொடியில் நின்றான். இருவரும் வளர்ப்புப் பெட்டியின் கதவைப் பார்த்தோம்.

நான் ஊட்டியது வெறும் நீர். ஆகவே என் அணுக்கள் செத்தன. சாக வேண்டியவை, முறைப்படி செத்தன. இலியாசின் அணுக்களும் முறைப்படி செத்தன. நலமுள்ள அணுவின் இலக்கணம் அது.

டெல்பினின் அணுக்களுக்கு எவர் சொன்னார் 'வாழ்' என்று?

ஆவணி 17, புதன்

பேராசிரியரிடம் உரைத்தேன். முகம் மாறியது, உடனே மறைத்துக்கொண்டார்.

"அவசரப்படாதம்மா. நூறு காரணம் இருக்கலாம். உன் கை தவறி அவ கிண்ணத்துல மட்டும் பழைய புரதம் விழுந்திருக்கலாம். நம்மள்ல பாதிப் பேருக்கு உடம்புல சும்மா தூங்குற வைரஸ் ஒண்ணு இருக்கும், அது கிண்ணத்துல முழிச்சிக்கிட்டு செல்லை வளக்கும். அதுக்கெல்லாம் நோய்னு பேரு வைக்க முடியாது."

"நோயாகவும் இருக்கலாம் அல்லவா, ஐயா?"

அவர் மேசைமேல் இருந்த நாட்காட்டியைத் திருப்பினார். "புது ரத்தம் எடு. இந்தத் தடவை வேணும்னே ஒண்ணும் சேக்காம வளத்துப் பாரு. உறுதியாகுற வரைக்கும் அவகிட்ட மூச்சு விடாத. கிளம்புற நேரத்துல ஒரு புள்ளையப் பயமுறுத்தக் கூடாது." கதவருகே சென்றபோது அழைத்தார். "அங்கயற்கண்ணி, அந்த வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்தது நீதானே?"

"ஆம், ஐயா."

"அதான் சொல்றேன். உறுதியாகட்டும். இல்லன்னா ஊரு வேற மாதிரி பேசும்."

ஊர் பேசும் என்றார். அவர் கண்ணும் அதையே பேசிற்று.

ஆவணி 18, வியாழன்

டெல்பினிடம் மீண்டும் குருதி கேட்டேன். பொய் சொல்லவில்லை. "முதல் முயற்சி பிழையாயிற்று, மறுபடி செய்ய வேண்டும்" என்றேன். அது உண்மையே.

"எத்தன தடவளா உறிஞ்சுவ? செருமனிக்கு வெறுங்கூட்டையா அனுப்பப் போற?" என்றாள். ஆயினும் கையை நீட்டினாள். முந்தைய முறை ஊசி குத்திய இடத்தில் இன்னும் நீலம் படர்ந்திருந்தது. துப்பட்டா விலகியபோது காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம்.

"இது என்ன?"

"கடவாப்பல்லு. அங்க போயிப் புடுங்கிக்கிடலாம்னு இருக்கேன். ஏன் மொறைக்க?"

"ஒன்றுமில்லை. மருத்துவரிடம் காட்டலாமே."

"பல்லுக்கா? நீ ஒரு பயந்தாங்கொள்ளி."

கீழவாசலுக்குச் சென்றோம். பருத்திப்பாலில் பாதியை அவள் குடிக்கவில்லை. நான் என்னுடையதை முழுவதும் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை.

ஆவணி 21, ஞாயிறு

அறையைப் பெருக்கினேன். கட்டிலடியில் கிடந்த பெட்டியைத் திறந்து துப்புரவு செய்தேன். அடியில் கடவுச்சீட்டு இருந்தது. இன்னும் நான்காண்டு செல்லும். துப்புரவு செய்தபோது கண்ணில் பட்டது, அவ்வளவே.

ஆவணி 23, செவ்வாய்

இன்னும் முடிவில்லை. என் அணுக்கள் வாடத் தொடங்கின. இலியாசின் அணுக்களும். சிவப்பைப் பார்க்குமுன் கண்ணை மூடிக்கொண்டு 'செத்துப் போ, செத்துப் போ' என்றேன். என் வாழ்நாளில் ஓர் உயிரைப் பார்த்து நான் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

அது சாகவில்லை.

ஆவணி 25, வியாழன்

பச்சை செத்தது. மஞ்சள் செத்தது. சிவப்புக் கிண்ணம் நிறைந்து வழிகிறது. பிரித்துப் பெரிய குடுவைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. சாயமேற்றி, அணுவின் வகை காட்டும் கருவியில் ஓட்டினோம். வளர்வன பலவகை அணுக்கள் அல்ல, ஒரே வகை. ஒரே அணுவின் வழிவந்த கூட்டம். புற்றின் அடையாளம் அது. உறங்கும் நோய்நுண்மி விழித்து வளர்ப்பவை வேறு வகையாம், இவை அவையல்ல.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?" என்றார்.

"நானே சொல்கிறேன், ஐயா. அவள் என் தோழி."

ஆவணி 26, வெள்ளி

மும்முறை அவள் மேசைக்குச் சென்றேன். முதன்முறை, தராசைத் துடைத்துவிட்டாயா என்று கேட்டேன். இரண்டாம் முறை, வானூர்தியில் எத்தனை கிலோ விடுவார்கள் என்று கேட்டேன். மூன்றாம் முறை அவளே, "என்னளா, கடன் கேக்க வந்தவ மாரி முழிக்க?" என்றாள். நாளை மேடைப் பேச்சு இருக்கிறது, அதனால் பதற்றம் என்றேன்.

இலியாஸ் நடைவழியில் மறித்தான். "சொல்லிட்டீங்களாக்கா?"

"நல்ல வேளை பார்த்துச் சொல்ல வேண்டும்."

"இதுக்கு என்னக்கா நல்ல வேள? கல்யாணமா பண்றீங்க?"

அவன் சினந்து நான் பார்த்ததில்லை.

ஆவணி 27, சனி

மன்றம் நிரம்பியிருந்தது. மேடையேறினேன். முதல் சொல் வாயிலிருந்து விழுந்ததும் அச்சம் அகன்றது. அது என் வழக்கம்.

"உண்மை என்பது உன் உடைமையன்று, தோழா! அது உனக்கு அடுத்தவன் ஒப்படைத்த பொருள்! அதைப் பூட்டி வைப்பவன் காவலனல்லன், கள்வன்! ஆய்வுக்கூடத்துக் கதவுக்குள் அடைபட்ட உண்மை, அடைபட்ட நெருப்பு! இன்று கதவைத் திறவாதவன் நாளை சாம்பலைத்தான் அள்ளுவான்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. இரண்டாம் வரிசையில் டெல்பின் இரு விரலை வாயிலிட்டுச் சீழ்க்கை அடித்தாள். அடித்துவிட்டு, குனிந்து துப்பட்டாவில் நெடுநேரம் இருமினாள். நான் அடுத்த அடியை மறந்தேன். கூட்டம் அதை அழுத்தம் தருவதற்கான இடைவெளி என்று எண்ணி மேலும் தட்டியது.

வெளியே வந்ததும் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உடல் அனலாய்க் கொதித்தது. "தீயா பேசுனளா! எனக்கே புல்லரிச்சிட்டு."

சுற்றிலும் ஆட்கள் நின்றனர். அங்கே எப்படிச் சொல்வது?

ஆவணி 28, ஞாயிறு

அவள் மணப்பாட்டுக்குப் புறப்பட்டாள்; ஊராரிடம் விடைபெற்று, மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, அங்கிருந்தே நேராக வானூர்தி நிலையம் செல்வதாய் ஏற்பாடு. பெட்டியைச் சுமந்துகொண்டு மாட்டுத்தாவணிக்கு உடன் சென்றேன். திருச்செந்தூர்ப் பேருந்து நின்றது. சன்னலோர இருக்கையில் பையை வைத்துவிட்டு இறங்கிவந்தாள்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று முறையாக எழுத வரவில்லை. புரதம், சுவர், வெறும் நீர், செத்தவை, சாகாதவை என்று இடறி இடறிச் சொன்னேன். ஐந்தாண்டு இதே தொழில் செய்தவள், பாதியிலேயே விளங்கிக்கொண்டாள். வலக்கை தானாக எழுந்து காதின் கீழ்ப் பகுதியைத் தொட்டது.

வேர்க்கடலை விற்பவன் இருவருக்கும் நடுவே புகுந்து போனான்.

"எப்பத் தெரியும்?"

"உறுதியானது வியாழனன்று."

"அது இல்ல. எப்பலருந்து சந்தேகம்?"

"உதவி எண்ணுக்கு அழைத்த அன்று."

"என்கிட்ட ரெண்டாவது ரத்தம் எடுக்கும்போதே தெரியும். கழுத்தப் பாத்துக் கேட்டீயே, அப்பமும் தெரியும். நேத்து அங்கன நின்னு நெருப்பு, சாம்பல்னு கத்துனீயே, அப்பமும் தெரியும்." குரல் உயரவில்லை, அதுதான் கொடுமை. "நான் விசிலடிச்சேன்ளா."

"பேராசிரியர் உறுதியாகட்டும் என்றார். வரிசையில் அடுத்தது நான் என்பதால் ஊர் வேறு மாதிரி…"

"ஓ. அதா?" என்று என்னைப் பார்த்தாள். முன்னொருபோதும் என்னை அவ்வாறு பார்த்ததில்லை. "எடம் வேணும்னா கேட்டுருக்கலாம்லா."

நடத்துநர் சீழ்க்கை ஊதினார். ஏறினாள். சன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ஆவணி 29, திங்கள்

நல்கைக் குழுவுக்கு மின்னஞ்சல் விடுத்தேன்: காத்திருப்போர் வரிசையிலிருந்து என் பெயரை நீக்குக. ஒரு படி டெல்பினுக்கும் அனுப்பினேன். இனி அவள் வீழ்ந்தாலும் எனக்கு ஆதாயமில்லை. இனியாவது என் சொல்லை நம்பி மருத்துவரிடம் செல்வாள். விடுத்தபின் நெஞ்சு இலேசாயிற்று.

பேராசிரியரிடம் சொன்னேன். "அவசரப்பட்டுட்டியேம்மா" என்றார். நான் முதலில் கேட்ட 'அவசரப்படாதே' எங்கே, இந்த 'அவசரப்பட்டாயே' எங்கே!

ஆவணி 31, புதன்

அழைத்தேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், படித்ததற்கான அடையாளம் வந்தது, விடை வரவில்லை. அவளுடைய அணுக்களுக்கு ஊட்டநீர் மாற்றினேன். வெறும் ஊட்டநீர். இரட்டித்திருக்கின்றன.

புரட்டாசி 2, வெள்ளி

அழைத்தாள்.

"திருநவேலி ஆஸ்பத்திரியில இருக்கேன். கட்டிய வெட்டி டெஸ்டுக்கு அனுப்பிருக்காவ."

"என் மின்னஞ்சல் கிடைத்ததா? அதைக் கண்ட பிறகுதானே…"

"எது, ஒன் தியாகமா?" மூச்சு வாங்கச் சிரித்தாள். "அது நான் திங்கக்கெழம காலையில இங்க வந்து சீட்டு வாங்கி ஒக்காந்திருக்கும்போது வந்துச்சு. பஸ்ஸுல திருச்செந்தூர் போய்ச் சேருமுன்னயே முடிவு பண்ணிட்டேன். ஒன் கை சுத்தம் எனக்குத் தெரியாதா? நீ செஞ்ச பரிசோதனைய நான் சந்தேகப்படலளா."

"பிறகு ஏன் அப்படிச் சொன்னாய்?"

"கோவம். வாயில வந்துட்டு. பொய்னும் சொல்ல மாட்டேன்." இருமிவிட்டுத் தொடர்ந்தாள். "அந்த எடம் ஒனக்கு வேணும்னு ஆசை இருந்துச்சா இல்லியா?"

இந்தக் குறிப்பேட்டில்கூட நான் எழுதாத ஒன்றை அவள் தொலைபேசியில் கேட்டாள்.

"இருந்தது" என்றேன்.

"ம். அத மொதல்லயே சொல்லிருந்தா ரெண்டு பேரும் திட்டிக்கிட்டுக் கெடந்திருக்கலாம். யாருக்குளா ஒன் தியாகம் வேணும்? எனக்கு வேண்டியது அந்த நாளு. நீ சொல்லாமப் போன பன்னெண்டு நாளு."

வைத்துவிட்டாள்.

புரட்டாசி 6, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. வெள்ளணுப் புற்று. மருந்துக்கு அடங்கும் வகை என்கின்றனர். அடங்காமலும் போகலாம் என்கின்றனர். முதற்சுற்று மருந்து நாளை. இன்று பறக்க வேண்டிய வானூர்தி அவளின்றிப் பறந்தது.

இலியாசிடம் சொன்னேன். அவன் பேசாமல் சென்று டெல்பினின் மேசையைத் துடைத்தான். ஏற்கெனவே துப்புரவான மேசை அது.

புரட்டாசி 12, திங்கள்

பேராசிரியர் அழைத்தார். வளர்ப்புப் பெட்டியிலுள்ள குடுவையைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். இவ்வகை அணுக்கள் கிண்ணத்தில் வளர்வது மிக அரிது. இவை தாமே வளர்கின்றன. உறையவைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். உலகின் ஆய்வகங்கள் கேட்டு வாங்கும். மருந்து காண உதவும். கட்டுரை என் பெயரில் முதலாவதாக வரும்.

"பழைய ஒப்புதல் இதுக்குச் செல்லாது. நேர்ல போய்ப் புதுசா கேளு. வேண்டாம்னு சொன்னா அழிச்சிரணும், அது விதி. ஆனா நீ பேசுனா மறுக்க மாட்டா. உன் பேச்சுக்கு யாரு மறுப்பாங்க?"

புரட்டாசி 13, செவ்வாய்

திருநெல்வேலி சென்றேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. கட்டிலருகில் நெகிழிக் கூடையில் வாந்திக்கென ஒரு பை.

வழிநெடுக ஆயத்தம் செய்த பேச்சை விட்டுவிட்டேன். அணுக்கள் என்ன செய்கின்றன, பேராசிரியர் என்ன விரும்புகிறார், உலகுக்கு என்ன பயன், எனக்கு என்ன ஆதாயம், எல்லாவற்றையும் எளிய சொல்லில் வைத்தேன். ஆதாயத்தை முதலில் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு, "இன்னும் உசுரோடவா இருக்கு?" என்றாள்.

"பெருகுகிறது."

"ஒண்ணும் குடுக்காமலே?"

"ஒன்றும் கொடாமலே."

கண்ணை மூடினாள். உறங்கிவிட்டாள் என்று எண்ணினேன். "வேண்டாம்ளா. கொன்னுரு."

"பலருக்குப் பயன்படும், டெல்பின்…"

"பயன்படும். தெரியும். நானும் அஞ்சு வருசம் அதத்தான படிச்சேன்? ஒருவேள நான் கெட்டவளா இருக்கலாம். இருந்துட்டுப் போறேன்." கையிலேறும் மருந்துக் குழாயைக் காட்டினாள். "உள்ள இருக்கத டாக்டரு கொல்லுதாரு, செத்துதா இல்லையான்னு எனக்குத் தெரிய மாட்டேங்கு. ஒருநாளு செத்த மாரி இருக்கு, ஒருநாளு நான்தான் சாகப்போறேன்னு இருக்கு. வெளிய இருக்கதயாச்சும் நீ கொல்லு. நான் கண்ணால பாக்கணும்."

தாளை எடுத்தேன். அழிக்குமாறு வேண்டும் கட்டத்தில் கையெழுத்திட்டாள்.

புரட்டாசி 14, புதன்

பேராசிரியர் தாளை இருமுறை படித்தார். "நீ சரியாப் பேசல" என்றார்.

"ஆம், ஐயா. பேசவில்லை."

கதவைச் சாத்திக்கொண்டார். நண்பகலில் அவர் கையொப்பமிட்ட தாள் என் மேசையில் இருந்தது.

புரட்டாசி 15, வியாழன்

காலை பதினொரு மணியளவில் டெல்பின் காணொளியில் வந்தாள். தலையில் நீலத் துணி கட்டியிருந்தாள். இலியாஸ் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டான். குடுவையை நுண்ணோக்கியில் வைத்து, திரையில் காட்டினேன். ஒளிரும் உருண்டைகள், கொத்துக்கொத்தாய், ஒன்றன்மேல் ஒன்று.

"அம்புட்டும் நானா?" என்றாள்.

"நீயில்லை."

"கிட்டக் காட்டு, இலியாசு."

படம் ஆடியது. "ஒழுங்காப் புடிலே, சினிமாவா எடுக்க?" என்று அதட்டினாள். "சரி" என்றான். மூக்கை உறிஞ்சினான்.

வெளுப்புநீர்க் குடுவையின் மூடியைத் திறந்தேன். என் பெயரில் வரவிருந்த கட்டுரையும் அதன் பின் வரவிருந்த அனைத்தும் அணுக்கள் மிதந்த இளஞ்சிவப்பு ஊட்டநீருக்குள் கிடந்தன. அதையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன். ஊற்றுமுன் கை ஒருகணம் நின்றது.

"ஊத்துளா" என்றாள்.

ஊற்றினேன். இளஞ்சிவப்பு வெளிறியது. திரையில் உருண்டைகள் முதலில் அசையவில்லை. பின்னர் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாய் ஊதின, விளிம்பு கிழிந்தது, ஒளி வடிந்தது. கொத்துகள் குலைந்து வெறும் நிழல்களாயின.

"என்ன ஆச்சு? செத்துட்டா?"

"மாய்கின்றன."

"ஏட்டி, இப்பமாச்சும் மனுசங்க பேசுத மாரிச் சொல்லு."

"செத்துருச்சு" என்றேன். "எல்லாம் செத்துருச்சு, டெல்பின்."

திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொணர்ந்து பார்த்தாள். இமைகள் வீங்கியிருந்தன. நெடுநேரம் பார்த்தாள். நிழல்களில் ஒன்றுகூட அசையவில்லை.

"இன்னும் ஊத்து" என்றாள்.

வெளுப்புநீர்க் குடுவை வெறுமையாகும்வரை ஊற்றினேன்.